எதிர்வீட்டு மதாமுக்கு உயிர் இருந்தது

எங்கள் எதிர்வீட்டு மதாம் இறந்துபோனவர் என்று தெருப் பிள்ளைகளுக்கு அறிவித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான் அறிவித்த நேரத்தில் மதாம் தன் வீட்டு வாசலில் நின்று, பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதை நான் ஒரு தடையாகவே நினைக்கவில்லை. செத்தவர்கள் பால் வாங்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

புத்தகம் என்று நான் சொல்வது எங்கள் பள்ளி நூலகத்துக் கதைப் புத்தகங்களை. வாரத்துக்கு ஒன்று தருவார்கள். அவற்றில் வரும் சூனியக்காரிகள் எல்லாரும் ஒரே அச்சு. வயதானவள், வீட்டில் தனியாக இருப்பாள், பூனை வளர்ப்பாள், அடுப்பில் எதையோ கொதிக்கவைத்துக்கொண்டு யாருக்கும் புரியாத மொழியில் முணுமுணுப்பாள். ஒரு சூனியக்காரிக்காவது கணவனோ மருமகளோ, ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கிப்போகும் சித்தப்பாவோ இருந்ததாக நான் படித்ததில்லை. மதாமுக்கும் யாரும் இல்லை. இரண்டு பூனைகள் இருந்தன, அவற்றோடு பிரெஞ்சில்தான் பேசுவார். சாயங்காலமானால் அவர் வீட்டில் வெங்காய சூப் கொதிக்கும், தெரு முழுக்க மணக்கும். அந்த வாசனைக்கு என் நாக்கில் எச்சில் ஊறியதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், அப்படிப் பட்டாளத்துக்குப் போன தமிழர்களைச் சொல்தா என்பார்கள், அவர்கள் மனைவியை மதாம் என்பார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷமே கடல் கடந்து எங்கோ போன இடத்தில் இறந்துவிட்டார். அன்றிலிருந்து மதாமுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் பெரியவர்கள் பேச்சில் என் காதில் விழுந்தவை. கதைக்கு உதவுகிற மாதிரி இதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கதைக்கு வேண்டியது ஒருநாள் சாப்பிடும்போது கிடைத்தது. அப்பா குமாஸ்தா வேலையில் இருந்தார். கொஞ்சம் பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்பதால் மதாமுக்கு வரும் காகிதங்களை நிரப்பிக் கொடுப்பார். அம்மா ரசம் ஊற்றும்போது அப்பா சொன்னார்.

"பாவம் அந்த மதாம். உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நேர்ல போய் நிக்கணும். மூஞ்சியப் பாத்து முத்திரை குத்தினாத்தான் பென்ஷன் வரும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. அம்மாவை, பால்காரரை, எங்கள் கணக்கு டீச்சரைக்கூட யாரும் கேட்டதில்லை. இந்த ஒருவரை மட்டும் வருஷம் தவறாமல் வரச்சொல்லிப் பார்க்கிறார்கள் என்றால், அரசாங்கத்துக்கே சந்தேகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அரசாங்கம் சும்மா சந்தேகப்படாது என்று நான் நம்பிய காலம் அது.

அந்த நாள் எதுவென்றும் எனக்குத் தெரிந்துபோயிற்று. வருஷத்தில் ஒரே ஒருநாள் மதாம் பட்டுப்புடவை கட்டுவார். முகத்துக்குப் பவுடர், காலுக்குக் கறுப்பு ஷூ, கையில் குடை. காலையில் ரிக்‌ஷாவில் போய்விட்டு மதியம் ஒரு கேக் பெட்டியோடு திரும்பி வருவார். விளையாடிக்கொண்டிருக்கும் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு தருவார். நாங்களும் போன வருஷம்வரை வாங்கித் தின்றவர்கள்தான்.

மாடியில் இருந்த பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், கொஞ்சம் மூளைக்காரன். அவன் மட்டும் குறுக்குக் கேள்வி கேட்டான்.

"செத்தவங்களுக்கு எதுக்குடி பென்ஷன்?"

"அதுக்குத்தான் உயிரோட இருக்கற மாதிரி நடிக்கறாங்க."

அண்ணன் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றான். அவனே ஒப்புக்கொண்ட பிறகு தெருவில் வேறு யார் மறுக்கப்போகிறார்கள்? அன்றிலிருந்து என் கதை நாளொரு மேனியாக வளர்ந்தது. பூனை இரண்டும் முன்பு அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் என்றேன். சூப்பில் என்ன கொதிக்கிறது என்பதை இடைவேளைக்குப் பிறகு சொல்வதாக நிறுத்தி வைத்தேன். செம்பருத்தி பறிக்க அவர் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பெண்கள் போவதை நிறுத்தினார்கள். பந்து அவர் காம்பவுண்டுக்குள் விழுந்தால் புதுப் பந்துதான். அந்த வருஷம் அவர் கேக் பெட்டியைத் திறந்துகொண்டு கேட்டருகே நின்றபோது நாங்கள் எல்லாரும் ஓட்டமாக ஓடினோம். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போனார். கதை நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வருஷம் அந்தக் கடிதம் வந்தபோது மதாம் வீடு பூட்டியிருந்தது. பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருப்பார். தபால்காரர் என் கையில் கவரைக் கொடுத்து, "எதிர்வீட்டு மதாம் வந்தா குடுத்துடு பாப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

பிரெஞ்சு ஸ்டாம்பு ஒட்டிய நீளக் கவர். அது என்ன கடிதம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனால் அன்று நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. இந்தக் காகிதம் போய்ச் சேராவிட்டால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டால் அவர் நடிக்க வேண்டியதில்லை. நிம்மதியாக மேலே போய்ச் சேரலாம். செத்தவரை வருஷா வருஷம் பட்டுப்புடவை கட்டி அலையவிடுவது பாவம் இல்லையா? கட்டிலுக்கடியில் இருந்த பழைய சூட்கேஸில் கவரைப் போட்டேன். பிறகு அரைப் பரீட்சை வந்தது. உண்மையாகவே மறந்துவிட்டேன்.

மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதாம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பூனை ஒன்று வாசல்வரை கூட வந்து நின்றுகொண்டது. அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ரெண்டு மாசமா பென்ஷன் வரல. பேங்க்குல கேட்டேன், அங்கேருந்தே அனுப்பலன்னு சொல்றாங்க. இந்த வருஷம் அந்தக் காயிதமும் வரல. நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க போல."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அம்மா அவர் கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்தாள். அதை அவர் வாங்கிக் குடித்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சூடு ஆறக்கூட விடவில்லை. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். உள்ளே போய் நான்கு இட்லியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொல்றீங்களே, ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"கேட் பக்கம் யாராச்சும் வந்தா சொல்லி அனுப்பியிருப்பேம்மா. இப்பல்லாம் பசங்ககூட வர்றதில்ல."

பால்காரர் நிற்காமல் போவதையும், சாயங்காலம் வெங்காய வாசனை வராததையும் நானும் கவனித்திருந்தேன். சூனியம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். இப்போது அவர் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவருக்கு இவ்வளவு பசிக்காது. நான் கட்டிலுக்கடியில் புகுந்து சூட்கேஸைத் திறந்து கவரைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா என்னை அடித்ததே இல்லை. அன்று கையை ஓங்கிவிட்டார். மதாம்தான் தட்டை வைத்துவிட்டு எழுந்து குறுக்கே வந்தார்.

"விடுங்க தம்பி. நாளைக்கு இவள என்கூட அனுப்புங்க. நான் உயிரோட இருக்கறதுக்கு ஒரு சாட்சி வேணும்."

மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வேறு நாளாக இருந்தால் துள்ளியிருப்பேன். அழுதுகொண்டே தலை பின்னிக்கொண்டேன். மதாம் அதே பட்டுப்புடவையில் வந்தார். ரிக்‌ஷா வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தார். நான் முதலில் பார்த்தது அந்தக் கை சில்லென்று இருக்கிறதா என்றுதான். வெதுவெதுப்பாக இருந்தது. அதைவிட, சாலையைக் கடந்த பிறகும் என் கையை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது. அவரும் பயப்படுகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கடற்கரைப் பக்கம் இருந்த பிரெஞ்சுத் தூதர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு மதாமை நன்றாகத் தெரிந்திருந்தது. காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"ஏன் மதாம் இவ்ளோ லேட்டு? நானே நெனச்சேன், ஆளக் காணுமேன்னு."

"லேட்டுதான். செத்துப் பொழச்சு வந்துருக்கேன்."

"இந்தப் பாப்பா யாரு, பேத்தியா?"

"எதிர்வீட்டுப் பொண்ணு. நான் செத்துட்டேன்னு முதல்ல கண்டுபிடிச்சவ இவதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக உட்கார்ந்திருந்தார். அலுவலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு ஒரு நிமிஷம் மதாமின் முகத்தை நிதானமாகப் பார்த்து, காகிதத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். நின்றுபோனதும் சேர்ந்து வந்துவிடும், கவலை வேண்டாம் என்றார். மதாம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் மதாம்?"

"தெருவுல நின்னு அவ்ளோ கத்துனா கேக்காதா? செத்தவளுக்கும் காது இருக்குது பாப்பா."

வீட்டுக்கு வந்து சொல்லப்போகிறார் என்று நான் நடுங்கினேன். அவர் வழக்கமான கேக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். கண்ணாடி மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு துண்டு கேக்கும் முள்கரண்டியும் வந்தன. பென்ஷன் வந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அம்மா மதாமிடம் கொடுத்த பணம் இதற்குத்தான் ஆனது என்று பிறகு தெரிந்தது.

"அந்தக் கதைய இப்ப முழுசா சொல்லு. தூரத்துலேருந்து பாதிதான் கேட்டுது."

முதலில் வாய் வரவில்லை. கேக் உள்ளே போனதும் வந்தது. பூனைகளைப் பற்றிச் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இளைய பூனை வேலைக்காரியாக இருந்தால் வீடு இப்படியா குப்பையாக இருக்கும் என்று கேட்டார். சூப்பில் கொதிப்பது என்ன என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றதும், வெங்காயமும் வெண்ணெயும் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். அவ்வளவு நல்ல ரசிகர் எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை. கண்ணும் காதுமாகக் கேட்டார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாம் சரி. அவ ஏன் தனியா இருக்கறா? அத நீ சொல்லவே இல்லியே."

நான் அதை யோசித்ததே இல்லை. புத்தகங்களிலும் இல்லை. ஆனால் கதை சொல்கிறவள் தெரியாது என்று சொல்லக் கூடாது. சட்டென்று ஒன்று தோன்றியது. சூனியக்காரிகள் ஆட்களைத் தின்பார்கள் அல்லவா?

"அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். அவன அவளே முழுங்கிட்டா. அதான் தனியா இருக்கறா."

எனக்கே அது பிரமாதமாக இருந்தது. மதாம் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"இத உங்க வீட்டுல யாராச்சும் சொன்னாங்களா? அம்மா சொன்னாங்களா?"

"இல்ல. நானேதான். இப்பதான் யோசிச்சேன்."

"நெசமா?"

"நெசமா மதாம்."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூச்சை விட்டுவிட்டு, "சரி, சரி" என்றார். தன் தட்டிலிருந்த கேக்கை என் தட்டுக்கு மாற்றி வைத்து, என் கன்னத்தைத் தட்டினார்.

தெருப் பிள்ளைகளிடம் அன்று மாலையே போய், மதாம் உயிரோடுதான் இருக்கிறார், நான் முத்திரையைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஏமாந்துபோனார்கள். செம்பருத்தி பறிக்கிறவர்கள் மறுபடியும் போக ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம் சாட்சிக்கு நான் கூடப் போனேன். கல்லூரியில் சேர்ந்து வெளியூர் போகும்வரை போனேன். நான் ஊரில் இல்லாத ஒரு வருஷத்தில் மதாம் காலமானார். அம்மா தொலைபேசியில் சொன்னபோது விடுதி வராந்தாவில் நின்று அழுதேன்.

அப்பா இறந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். மாரடைப்பு, மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியம் முடிந்த அன்று கூடம் நிறைய உறவுக்காரர்கள். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தத்தில் அக்கா முறையாகும் ஒருவர், குரலைத் தாழ்த்தக்கூட இல்லாமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"கல்லு மாதிரி இருந்தான் என் தம்பி. முழுங்கிட்டா பாரு."

நான் எழுந்துபோய்ச் சண்டை போட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, அவர்கள் அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டார்கள். அம்மா செய்தது மட்டும் நினைவில் இருக்கிறது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து, கூடத்தில் இருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். இங்கே இன்னும் யார் யார் இப்படி நினைக்கிறார்கள் என்று தேடுகிற பார்வை.

அந்தப் பார்வையை நான் பத்து வயதிலேயே கண்ணாடி மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். கணவன் செத்த செய்தி வந்த அன்று மதாமுக்கும் ஒரு கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருந்திருப்பார்கள். அந்தச் சொல்லை அவர் அன்றே கேட்டிருப்பார். இத்தனை வருஷம் கழித்து, தனக்கு இட்லி வைத்த வீட்டிலும் அதையே சொல்கிறார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நானே யோசித்தது என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்ததை, என் கதைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு துண்டு கேக்கையும் நான் தின்று முடித்தேன்.