அடைப்புக்குறிக்குள் நாலு வாத்து

அடைப்புக்குறியைத் திறந்ததும் கடைக் கணக்குப்பிள்ளை பேனாவை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, மூக்கு நுனியை இரண்டு தடவை தேய்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எழுத்து வரும். மேலே பற்று ஒரு வரி, கீழே வரவு ஒரு வரி, பக்கத்தில் தொகை என்பதையெல்லாம் பேச்சு கொடுத்துக்கொண்டே போட்டுவிடுவார். அதற்குக் கீழே, இந்தச் சரக்கு ஏன் வந்தது, இந்தக் காசு ஏன் போனது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். மற்ற கடைகளில் ‘கடனுக்கு விற்றது’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். இவருக்கு மனசு ஆறாது.

‘(பச்சை வாளி ஆறு, கடனுக்கு விற்றது. வாங்கியவர் லாட்ஜ் மேனேஜர். சிவப்புதான் கேட்டார். சிவப்பு இல்லை என்றதும், சிவப்பு தனக்கு ஆகாது என்று சொல்லி இதை வாங்கினார்.)’

தெருவுக்கே அவர் பிராக்கெட் சார். அவர் வீட்டம்மாவே ஒரு நாள் கடைக்குப் போன் போட்டு, “பிராக்கெட் சார்கிட்ட குடுங்க” என்று சொன்னதைக் கேட்டவன் நான்.

கடை என்றால் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். தரையிலிருந்து உத்தரம் வரை நாற்காலி, வாளி, குவளை, குப்பைக் கூடை. அதன் வாசலோரத்தில் நாலடி இடத்தில் மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்து நான் பிழைக்கிறேன். அவர் மேஜைக்கு நேர் எதிரே என் ஸ்டூல். தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரும் எதையும் மறைக்கிறவர் இல்லை. ஜர்னல் நோட்டை விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். “மறைக்கிறதுக்கா எழுதுறோம்?” என்பார். ஒரு தடவை அவர் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிவிட்டுப் பெரிய மனசோடு காசு வேண்டாம் என்றேன். சாயங்காலம் நோட்டைப் பார்த்தால், ‘(மூக்குக்கண்ணாடிக்காரர் காசு வாங்க மறுத்தார். போன மாதம் பழைய திருகாணியைப் புதிது என்று சொல்லி மாட்டியது நினைவுக்கு வந்திருக்கலாம்)’ என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் மாதம் முடியும்வரை திருப்பாமலே வைத்திருந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு பக்கம் ஒன்று போனால் இன்னொரு பக்கம் ஒன்று வந்தே தீரும் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் குடையைத் தொலைத்துவிட்டு, பதிலுக்கு என்ன வரப்போகிறது என்று பத்து நாள் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பதினோராம் நாள் கடைவாய்ப் பல் வலி வந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா, நேராயிடுச்சு” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இன்னொன்று, எழுதியதை அழிக்க மாட்டார். பென்சில் வாங்கினால் முனையிலிருக்கும் ரப்பரைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத்தான் சீவவே உட்காருவார். தப்பாக எழுதிவிட்டால், அது தப்பு என்று கீழே வேறொரு பதிவு போட வேண்டுமாம். அந்தப் பதிவுக்கும் ஓர் அடைப்புக்குறி உண்டு. போன மாதம் முதலாளியைப் பாடாய்ப் படுத்தியது இந்த வழக்கம்தான்.

கடையில் போட்ட முதலில் பாதி முதலாளியுடையது, மீதிப் பாதி அவர் மனைவியுடையது. நான் அண்ணி என்பேன். பிராக்கெட் சாரை வேலைக்கு வைத்ததே அண்ணிதான். அதற்கு முந்தின வருஷம் முதலாளி நாற்பது நாற்காலியை யாரோ சிநேகிதனுக்கு இரவல் கொடுத்துவிட்டு, யாருக்கு, எதற்கு என்று கேட்டால் கூரையைப் பார்த்தார். அன்றைக்கு அண்ணி சொன்னது இது: “மாசக் கடைசில நான் வந்து நோட்டைப் படிப்பேன். காரணம் தெரியாம ஒத்தை மக் வெளிய போயிருந்தாலும் என் பாதியைப் பிரிச்சுக் குடுத்துடணும். எங்க அக்காவோட சேந்து வேற கடை போட்டுக்கிறேன்.” அண்ணி சொன்னால் செய்வார். பாதி போனால் இந்தக் கடை நிற்காது. பிராக்கெட் சாருக்கு மேஜை இருக்காது, எனக்கு வாசல் இருக்காது.

இப்படியிருக்க, மூன்றாம் தேதி ஒரு டஜன் காற்று வளையம் வந்து இறங்கியது. நீச்சல் பழகுகிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்கிற வளையம். முன்னால் மஞ்சளாக ஒரு வாத்துத் தலை, அலகு சிவப்பு. ஏழாம் தேதி அதில் ஒன்றை முதலாளி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

கடைச் சரக்கை முதலாளியே எடுத்தாலும் அது அவர் பேரில் சொந்த எடுப்பு என்று ஏறியாக வேண்டும். பற்று, வரவு எல்லாம் போட்டாயிற்று. அடைப்புக்குறி திறந்திருந்தது.

“எதுக்கு முதலாளி வாத்து?”

“சும்மாதான்யா.”

“சும்மான்னு எழுத முடியாதுங்க.”

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைப் பொருட்படுத்தாமல், விஷயத்தைக் கக்கினார். அடுத்த மாதம் மகள் ஒரு விடுமுறை வீடு பிடித்திருக்கிறாள். நீச்சல் குளம் வைத்த வீடு. சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும் வருகிறார்கள். பெண் பார்க்கப் போன அன்று, ஆற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடந்தவன் நான் என்று முதலாளி அண்ணியிடம் அளந்திருக்கிறார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பேச்சு வீட்டில் நிலைத்துவிட்டது. மகள் அதைச் சம்பந்தி வரை கொண்டுபோய்விட்டாள். மனுஷனுக்கோ வாளித் தண்ணீரைப் பார்த்தாலே மூச்சு முட்டும். வசூலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு நகராட்சிக் குளத்தில் பழகுகிறார்.

பிராக்கெட் சார் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, புதுக் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். நேரில் பார்க்காமல் அவர் எழுதுவதில்லை. திரும்பி வந்து எழுதியது: ‘(முதலாளி நகராட்சிக் குளத்தில் நீச்சல் பழகுவதற்காக எடுத்தது. மனைவிக்குத் தெரியாது. நேரில் போய்ச் சரிபார்த்தேன். முதலாளி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். வாத்து மட்டும் நீந்தியது.)’

மறுநாள் இதைப் படித்த முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. “யோவ், அவ படிப்பாய்யா.”

“படிக்கத்தானே போறாங்க.”

“அடிச்சுடு.”

“அடிக்கிறதில்லீங்க. வேணும்னா திருப்பி எழுதலாம். வாத்து திரும்பி வந்து, சேதாரமாப் போச்சுன்னா சேதாரக் கணக்குல போடலாம். சேதாரத்தைக் காட்டுங்க.”

முதலாளி நாற்காலி அடுக்குக்குப் பின்னால் போனார். புஸ் என்று ஒரு சத்தம். தொங்கிப்போன வாத்தோடு வெளியே வந்தார். ‘(வளையம் ஒன்று சேதாரம். சேதம் செய்தவர் முதலாளி. கருவி, என் மேஜைக் குண்டூசி. காரணத்துக்கு ஏழாம் தேதிப் பதிவைப் பார்க்கவும்.)’

பழகுவதற்கு வாத்து வேண்டுமே. ஒன்பதாம் தேதி இரண்டாவது போனது. அதுவும் ஏறியது. அதைத் திருப்ப என்ன வழி என்று முதலாளி மூன்று நாள் யோசித்து, விளம்பரத்துக்கு இலவசமாகக் கொடுத்ததாகப் போடச் சொன்னார். கொடுத்தால்தானே போட முடியும். சட்டென்று யாரும் அகப்படாததால் என்னிடம் கொடுத்துவிட்டு, “அப்புறமாத் திருப்பிக் குடுத்துடுப்பா” என்று கண்ணைக் காட்டினார். நான் அந்தக் கண்ணைக் கவனிக்கவில்லை. வாத்து இப்போது என் வீட்டில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ‘(விளம்பரத்துக்காக மூக்குக்கண்ணாடிக்காரருக்கு இலவசம். இதுவரை அவர் யாரிடமும் எதையும் விளம்பரம் செய்ததாகத் தெரியவில்லை. கடை விஷயம் தவிர.)’

மூன்றாவதை முதலாளி காசு கொடுத்தே வாங்கினார். “ரொக்க விற்பனை. முடிஞ்சுதா? இதுல என்ன எழுதுவ?”

‘(ரொக்க விற்பனை. வாங்கியவர் முதலாளி. பில்லில் வேறு பெயர் போடச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டதற்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.)’

“உனக்கு என்மேல என்னய்யா கோவம்?” என்றார் முதலாளி.

“கோவமா? உங்களை எழுதுறப்பதாங்க எனக்குக் கையெழுத்தே நல்லா வருது.”

மானம்தானே, போனால் போகிறது என்று முதலாளி ஒரு மாதிரி தேறிவிட்டார். காரணம்தான் பக்கம் பக்கமாக இருக்கிறதே, கடை பிரியாது. இருபத்தெட்டாம் தேதி இருப்பு எண்ணினார்கள். வந்தது பன்னிரண்டு. போனது மூன்று. இருக்க வேண்டியது ஒன்பது. இருந்தது எட்டு.

பிராக்கெட் சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுக்கைப் பிரித்து அடுக்கினார். ஏணி போட்டு ஏறினார். என் வீடு வரை வந்து, முட்டுக் கொடுத்திருந்த வாத்தைத் தூக்கி, அதற்கடியில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல், எங்கே போனது என்று தெரியாததையெல்லாம் போட்டு வைக்கிற அனாமத்துக் கணக்கில் ஒரு வாத்தை ஏற்றினார். அதற்குக் கீழே அடைப்புக்குறியைத் திறந்தவர் மூடவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

“வந்ததே பதினொண்ணுன்னு மாத்திடுய்யா” என்றார் முதலாளி. “அவ பாதியை உருவிட்டா உன் வேலையும் போயிடும்.”

“போனா அதையும் எழுதணுமேங்க.”

மாதக் கடைசி. மூன்று மணிக்கு அண்ணி சொந்தப் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். விரலை வரியின்மேல் ஓட்டிக்கொண்டு படிக்கிற பழக்கம். முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே நிறவாரியாக இருந்த குவளைகளை நிறவாரியாக அடுக்கினார். விரல் ஏழாம் தேதியில் நின்றது. கர்ச்சீப் வாய்க்குப் போனது. பிறகு விரல் வரிவரியாக நகர்ந்தது.

“ஏங்க. ஆத்தைக் கடந்தவருக்கு எதுக்கு வளையம்?”

“மறந்து போச்சும்மா.”

“நீச்சல் மறக்குமா?”

“எனக்கு மறந்துச்சு.”

விரல் அனாமத்துக்கு வந்தது. மூடாத அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு வியர்த்து ஊற்றியது. “மூணு வாத்துக்கு நான் பொறுப்பு. ஊசி குத்தினது நான், இவனுக்குத் தூக்கிக் குடுத்தது நான். இந்த நாலாவது சத்தியமா நான் இல்ல. இதுக்காகக் கடையைப் பிரிச்சுடாத.”

அண்ணி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“பிராக்கெட்டுண்ணே, அதை என் பேர்ல மாத்திடுங்க.”

பிராக்கெட் சார் எழுந்தே நின்றுவிட்டார். “நீங்களாம்மா?”

“அஞ்சாம் தேதி. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க.” ஒன்பது பத்து பேர் கேட்கிற மாதிரி ஆரம்பித்த குரல் போகப் போகத் தணிந்தது. “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இவரு ஆறு ஆறா அளந்தாரா. நான் மட்டும் வாயை மூடிட்டு இருக்க முடியுமா? எனக்கும் தண்ணின்னா தரை மாதிரின்னு சொல்லி வச்சேன். நம்ம மக அதையும் சேத்து மாமியார்கிட்ட சொல்லியிருக்கா.”

“எங்க பழகுறீங்கம்மா?” பேனா தயாராக இருந்தது.

“அதே குளம்தான். காலைல பொம்பளைங்க நேரம்.”

முதலாளி திரும்பினார். “அக்காவுக்கு முட்டி வலி, கால் பிடிச்சு விடப் போறேன்னியே?”

“அக்காவுக்கு முட்டி கல்லு மாதிரி இருக்கு.”

பிராக்கெட் சார்தான் தவித்துப்போனார். “நேர்ல பாக்காம நான் எழுதினதே இல்லம்மா.”

“பொம்பளைங்க நேரத்துல வந்து பாப்பீங்களா?”

“எப்படிம்மா வர்றது?”

“அப்ப நான் சொல்றதை நம்பி எழுதுங்க.”

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பற்று போட்டார், வரவு போட்டார். மூக்கைத் தேய்த்தார். இரண்டு தடவை இல்லை, நாலைந்து தடவை.

இந்த நேரத்தில் முதலாளி, கையிலிருந்த குவளையைப் பார்த்துக்கொண்டே, மெல்லக் கேட்டார்: “மிதக்குதா?”

“வாத்து மிதக்குது” என்றார் அண்ணி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் இருமினார்கள். அண்ணி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். மையைக்கூட ஊதவில்லை. முதலாளி முன்னால் போக, அண்ணி பின்னால் படியிறங்கினார்.

பிராக்கெட் சார் அதற்குப் பிறகுதான் அந்த அடைப்புக்குறிக்குள் எழுதினார். ஒரே வரி, நேரில் பார்க்காமல் அவர் எழுதிய முதல் வரி. நான் கண்ணாடி துடைக்கிற சாக்கில் ஸ்டூலை விட்டு எழுந்து கழுத்தை நீட்டினேன். அவர் இடது உள்ளங்கையை, மையில் படாமல், கூரை மாதிரி அந்த வரியின்மேல் கவிழ்த்துக்கொண்டார். மை காய்கிறவரை எடுக்கவில்லை.