ஆண்டவருக்குக் கொண்டுபோன பாய்

ஞாயிற்றுக்கிழமை முதற்பூசை கண்டுவிட்டு, காலை ஆறரை மணிக்குக் கல்முனைச் சந்தியில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு இருபத்துநான்கு மைல். கட்டணம் தொண்ணூறு சதம். உலக யுத்தம் முடிந்தும் பெட்ரோல் இன்னும் கூப்பனுக்குத்தான் என்பதால் நாளுக்கு இரண்டே பஸ். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைய விழாவை மறந்துவிட வேண்டியதுதான்.

விழா என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மேற்றிராசனத்துக்குப் புதிய மேற்றிராணியார், அதாவது பிஷப், நியமனமாகி, அன்று காலை ரயிலில் முதன்முறையாக மட்டக்களப்புக்கு வருகிறார். எங்கள் சனம் அவரை ஆண்டவர் என்றுதான் அழைக்கும். மாலை நாலரைக்கு, பட்டணத்தின் மையமான புளியந்தீவில் வரவேற்பு. ஒவ்வொரு பங்கிலிருந்தும், அதாவது கோயில் வட்டாரத்திலிருந்தும், ஒருவர் முன்னே போய், அவருடைய மோதிரத்தை முத்தமிட்டு, காணிக்கையை வைத்து, ஒரு வார்த்தை பேசலாம். எங்கள் பங்குக்கு நான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வாத்தியார். தலைமை வாத்தியார் சித்திரையில் ஓய்வுபெறுகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பது ஆண்டவரின் கையெழுத்தில் இருக்கிறது. ஆகவே இருபத்துநான்கு வரியில் ஒரு வாழ்த்துப்பா எழுதி, கடைசி வரியில் என் பெயரை எதுகையோடு பொருத்தி, கோட்டுப் பையில் வைத்திருந்தேன். கோட்டுக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டிருந்தேன். மடியில் எங்கள் பங்கின் காணிக்கையான காட்டுத்தேன் போத்தல் ஒன்று. வெட்கத்தை விட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். இனி வருவதை எழுத இதைவிட அதிக துணிவு வேண்டும்.

எட்டு மணி பத்து நிமிடம். களுவாஞ்சிகுடி கடந்து, குருக்கள்மடத்தை நெருங்கும்போது பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பாமல் நின்றது. தேன் போத்தல் என் மடியிலிருந்து துள்ளி முன்சீட்டுக் கம்பியில் மோதிச் சிதறியது. கோட்டு தப்பியது. அதற்காகத்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

சாரதி காசிம் காத்தான்குடிக்காரர், இந்தத் தெருவில் பதினைந்து வருடமாக ஓடுகிறவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அச்சு முறிஞ்சி பெய்த்து வாத்தியார். இனி இது இண்டைக்கு அசையாது."

"நான் நாலரைக்குப் புளியந்தீவில் நிற்கவேண்டுமே!"

"அப்ப தெருவ நம்பாதீங்க. ஆத்துப் பக்கம் இறங்குங்க. சவிரிமுத்துட தோணி இரிக்கும். மீன் குடுத்துட்டு இந்நேரம் திரும்புற ஆள்."

ஆறு என்று அவர் சொன்னது வாவியை. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயலோரம் படுவான்கரை, நடுவே முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் தண்ணீர்.

ஒன்பது மணிக்குத் தோணியில் ஏறினேன். புளியந்தீவுக்குப் பதினொரு மைல். போகவர மூன்று ரூபாய் என்று பேச்சு. சவிரிமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கலாம். மேலுக்குச் சட்டையில்லை, கழுத்தில் ஒரு செபமாலை மட்டும். வாடைக்காற்று நேர் எதிரே வீசியதால் பாய் விரிக்க முடியாது. கம்பு ஊன்றித்தான் போனார். ஒரு மணி நேரம் கம்பை ஊன்றிக்கொண்டே என் கோட்டுப் பக்கம் அடிக்கடி பார்த்தார். பிறகு கேட்டார்.

"வாத்தியார் புது ஆண்டவரப் பாக்கவா?"

"பார்க்க மட்டுமில்லை, பேசவும்தான்" என்றேன். அந்த 'பேசவும்தான்' என்ற சொல்லை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது.

அவர் கம்பை ஒருமுறை ஊன்றாமல் நிறுத்தினார். "அப்ப எங்கட துறையில ஒருக்காக் கரையேறிப் போவம். காத்தும் கொஞ்சம் தணியட்டும்."

பதினொன்றேகால் மணிக்குப் படுவான்கரையில் இலுப்பைத்துறை என்ற அவருடைய குடியிருப்பில் இறங்கினோம். பதினாறு வீடுகள். பின்னால் பச்சைப் பசேலென்று வட்டை, அதாவது வயல்வெளி, தொடுவானம் வரை கிடந்தது. முன்னால் ஓலைவேய்ந்த சிறு கோயில், சுண்ணாம்பு உரிந்த சுவர், பலகைக் கதவில் கோழிமுட்டை அளவு பூட்டு. பூட்டில் துரு ஏறியிருந்தது.

சவிரிமுத்துவின் அக்கா அன்னம்மா எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். அவர்தான் கதையைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் திருநாளில் அந்தோனியார் சுரூபத்தை யார் தூக்குவது என்று அவருடைய வீட்டாருக்கும் இன்னொரு வீட்டாருக்கும் சண்டை. ஒருவருடைய மண்டை உடைந்தது. பங்குச் சுவாமியார் வந்து கோயிலைப் பூட்டி, திறப்புச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் அடங்கட்டும் என்றாராம்.

"கோபம் எப்பயோ அடங்கித்து வாத்தியார். மண்ட உடைஞ்ச வீட்டுப் பெடியனுக்குத்தான் என்ட மகளக் குடுக்கப் போறம். திறப்பக் கேட்டு நாலு தரம் போன. சுவாமி வாசல்லயே நிப்பாட்டி அனுப்பிட்டார். தபசுகாலம் வந்திட்டா மறுகா கலியாணம் இல்ல. இந்தப் புள்ளைகள் எங்கட கோயில்லதான் கைபிடிக்கணும்."

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமான தபசுகாலத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. வேறு கோயிலில் வைக்கலாமே என்றேன். அன்னம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் கேட்டது கேள்வியே இல்லை என்று தெரிந்தது. சண்டை இந்தக் கோயில் வாசலில் நடந்தது. சமாதானமும் இந்த வாசலில்தான் நடக்கவேண்டும்.

பிறகு உள்ளேபோய், வாவியோரக் கோரையான பன்னில் இழைத்த ஒரு பாயை எடுத்து வந்தார். ஆண்டவர் முழங்காலில் நிற்பதற்கென்று ஒரு மாதமாக இழைத்தது. இரண்டரை முழ நீளம். ஓரமெல்லாம் சிவப்புச் சாயப் பன்னில் கொடி ஓடியது. நடுவில் அந்தச் சிறு கோயில், முகட்டில் சிலுவை, கீழே கதவு இருக்கவேண்டிய இடத்தில் சேற்றில் ஊறவைத்த பன்னால் கரிக்கறுப்பாக ஒரு சதுரம்.

"எங்களுக்கு எழுதத் தெரியா. எழுதினாலும் அது சுவாமிட கைக்குத்தான் போகும். இதக் குடுத்தா ஆண்டவர் கேப்பார், இந்தக் கறுப்பு என்னண்டு. அப்ப நீங்க சொல்லுங்க. பூட்டிக் கிடக்கு எண்டு ஒரு சொல்லு. அது காணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன். அந்தக் குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் துறைவரை வந்து வழியனுப்பினார்கள்.

மூன்றரை மணிக்குப் புளியந்தீவு. பாலத்திலிருந்து கோயில்வரை வாழையும் தோரணமும். பொலிஸ்காரர் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பறங்கியர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வயலின் வாசித்தார்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஐந்து சதம். இரண்டு கோப்பை குடித்தேன். பந்தலில் முந்நூறு பேருக்குக் குறையாது. சவிரிமுத்து வெளியே வேலியோரம் நின்றார். சட்டை கொண்டுவரவில்லை என்பதால் உள்ளே வரவில்லை.

என் முறை ஐந்து மணிக்குப் பின் வந்தது. ஆண்டவர் பெரிய நாற்காலியில் களைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கடுமை ஒரு துளியும் இல்லை. அவருக்கு வலப்பக்கம், ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிமுகப்படுத்தியபடி ஒரு சுவாமியார் நின்றார். யார் என்று எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டேன். இலுப்பைத்துறைப் பங்குச் சுவாமியார் என்றார். பட்டணத்திலிருந்து எங்கள் மிஷன் பள்ளிக்கூட விஷயங்களையும் இப்போது அவர்தான் பார்க்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே போனேன்.

மண்டியிட்டேன், மோதிரத்தை முத்திசெய்தேன், பாயை விரித்தேன். ஆண்டவர் குனிந்து பார்த்தார். அன்னம்மா சொன்னபடியே, விரலை அந்தக் கறுப்பில் வைத்துக் கேட்டார்.

"இது என்ன?"

சுவாமியாரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஒரு சொல்லுதான். பூட்டிக் கிடக்கு. பள்ளிக்கூடத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான்.

"அலங்காரம், ஆண்டவரே" என்றேன்.

"அழகாக இருக்கிறது. எங்கிருந்து?"

"கல்முனைப் பங்கின் காணிக்கை, ஆண்டவரே."

பிறகு கோட்டுப் பையிலிருந்து வாழ்த்துப்பாவை எடுத்து வாசித்தேன். இருபத்துநான்கு வரியையும் வாசித்தேன். கைதட்டினார்கள். ஆசீர்வாதத்தின்போது ஆண்டவர் அந்தப் பாயில்தான் முழங்காலிட்டார். வலது முழங்கால் சரியாகக் கறுப்புக் கதவின்மேல் இருந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பக்கத்திலிருந்தவர் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்ததும் சவிரிமுத்து, "பாயில முழங்கால் வச்சாரே, வேலிக்கு மேலால கண்டன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. ஆண்டவர் செவ்வாய்க்கிழமை காலைவரை பட்டணத்தில் இருப்பார் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திரும்பினோம். காற்று பின்னாலிருந்து தள்ளியதால் எட்டரைக்கே இலுப்பைத்துறை வந்துவிட்டது. பெண்கள் துறையில் காத்திருந்தார்கள்.

"கேட்டாரா வாத்தியார்?"

"கேட்டார்."

"நீங்க சொன்னதா?"

"சொன்னேன்."

அன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தி ஓடிப்போய்க் கோயில் முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். கலியாணத்தைத் தபசுகாலத்துக்கு முந்திய புதன்கிழமை வைக்கலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. எனக்குக் கெளிற்றுமீன் கறியோடு சோறு தந்தார்கள். பசியில்லை என்றேன். இரண்டாம் முறையும் போட்டார்கள். சாப்பிட்டேன். என் வாழ்நாளில் சாப்பிட்ட ஒரு சோற்றுக்காக நான் இவ்வளவு கூசியதில்லை.

தோணி கரையைவிட்டு அரை மைல் வந்ததும் அடக்கமுடியவில்லை. "சவிரிமுத்து, நான் சொல்லவில்லை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அலங்காரம் என்ற சொல்லை, கல்முனைக் காணிக்கை என்ற பொய்யை, தலைமை வாத்தியார் நாற்காலியை. அவர் கம்பை ஊன்றியபடியே கேட்டார். திட்டுவார் என்று பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆண்டவர் நாளைக் காலைவரைக்கும் இரிப்பார் எண்டதானே சொன்ன?"

"ஓம்."

"அப்ப இப்பவே திரும்பிப் போவம். நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்தில நிக்கன்."

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடத்தில் நிற்கவேண்டும், அரைநாள் லீவுதான் எடுத்திருக்கிறேன் என்றேன். அதுவும் உண்மைதான். அரைநாள் லீவை ஒருநாளாக்க ஒரு தந்தி போதும் என்பதும் உண்மைதான்.

சவிரிமுத்து பத்து மணிக்குக் குருக்கள்மடத்துக் கரையில் என்னை இறக்கினார். பேசிய மூன்று ரூபாயை வாங்கிக்கொண்டார், குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. பிறகு தோணியை வடக்கே திருப்பினார்.

"எங்கே?" என்றேன்.

"கறுப்பு என்னண்டு எனக்குத் தெரியும்தானே வாத்தியார்."

"சட்டையில்லாமல் உள்ளே விடமாட்டார்களே!"

"பாலத்தடியில ஆரிட்டயும் ஒண்டு இரவல் வாங்கலாம்" என்று சொல்லிக் காற்றுக்கு எதிரே கம்பை ஊன்றினார். பதினொரு மைல். நான் என் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். அது பஸ் களுவாஞ்சிகுடி தாண்டிய பிறகுதான் தோன்றியது.

அடுத்த நான்கு வாரமும் காசிமின் பஸ் சந்தியில் நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்கத்தால் போனேன். ஐந்தாம் வாரம் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சுருள்.

"இலுப்பைத்துறையில கலியாணம் முடிஞ்சிது வாத்தியார். நீங்க வருவீங்க எண்டு பாத்திட்டே இருந்தாங்களாம். அன்னம்மா இதக் குடுக்கச் சொன்ன."

"கோயில்...?"

"திறந்தாச்சி. ஆண்டவரே திறப்ப வாங்கிக் குடுத்தாராம். வாத்தியார்ட வாயாலதான் எங்களுக்கு விடிஞ்சது எண்டு ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கா அந்த மனிசி. சவிரியும் பக்கத்தில நிண்டு ஓம் ஓம் எண்டான்."

சுருளை வீட்டில் வந்து விரித்தேன். அதே அளவு, அதே சிவப்புக் கொடி, அதே கோயில். கதவு இருந்த இடத்தில் மட்டும் சாயமில்லாத வெறும் பன், வெயிலில் உலர்ந்த வெளிர் நிறத்தில், திறந்து கிடந்தது.

எங்கள் ஊர்க் கோயில் பெரியது, கல்லால் கட்டியது. அதன் கதவைப் பகலில் யாரும் பூட்டியதை நான் கண்டதில்லை. தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். சித்திரையில் தலைமை வாத்தியார் வேலையும் எனக்குத்தான் வந்தது. வாழ்த்துப்பா ஆண்டவருக்குப் பிடித்திருந்ததாம்.

அன்னம்மாவுக்கு உண்மையை எழுதலாமென்றால், அவருக்கு வாசிக்கத் தெரியாது. நேரே போய்ச் சொல்லவேண்டும். இருபது மைலும் இல்லை. இன்னும் போகவில்லை. அந்தப் பாயில் இதுவரை ஒருநாள்கூட உட்காரவுமில்லை.