பதினேழு லாரிகளைத் தாண்டிப் போன குரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் நடந்தது இது. கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைப்பது என் வேலை. அப்போது அந்த வேலையை என்ன சொல்லி அழைப்பது என்று என் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. திருவள்ளூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதே எனக்குக் கவலை ஆரம்பித்துவிடும். ஸ்க்ரூடிரைவர் எத்தனை, இணைப்பு முனைகள் எத்தனை என்று பையைத் திறந்து எண்ணுவேன். எதையும் டெஸ்டரால் தொட்டு, மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் கையால் தொடுவேன். என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு இது பெரிய வேடிக்கை. "டீ கிளாஸையும் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுக் குடிய்யா" என்பார்.

ஆலையின் பின்பக்கம் லாரிகளை எடை போடும் மேடை. முன்வாசல் அருகே அலுவலகம். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரியின் எடை அந்த நிமிடமே அலுவலகக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. முதல் நாள் மாலை, இரண்டுக்கும் நடுவே கொட்டகைகளின் மேலாகக் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தோம். மறுநாள் காலை இரண்டு முனைகளையும் கம்ப்யூட்டர்களில் செருக வேண்டியதுதான் பாக்கி. நான் எடைமேடையில், நண்பர் அலுவலகத்தில். சரியாகப் பதினொன்றரைக்கு இருவரும் செருகுவதாக ஏற்பாடு. கைக்கடிகாரங்களில் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டோம்.

எங்களுக்காகக் காலையிலிருந்து எடை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். எடைமேடையில் தொடங்கி, வளைந்து, அலுவலக ஜன்னலைத் தாண்டி வாசல்வரை லாரிகள் நின்றன. பதினேழு. எனக்கு வேறு வேலை இல்லாத நேரத்தில் எண்ணி வைத்தது. முதல் லாரியின் டிரைவர் என்னை விடவே இல்லை. "இன்னா சாரே, டிவி பொட்டிய வச்சுக்கினு பூஜை பண்றியா? எங்க பொழப்பு பேஜாராவுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதினொன்று இருபத்தாறுக்கு, தரையில் கிடந்த கேபிளின் உலோக முனையில் வழக்கம்போல டெஸ்டரை வைத்தேன். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது.

நம்ப முடியவில்லை. எதிலும் செருகாத கேபிள் அது. கொட்டகையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் எரிந்தது. மின்சாரம் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அப்படியானால் நண்பர் கையில் எடுக்கப்போகும் முனையிலும் அதே மின்சாரம். ஒரு கையில் அந்த முனை, மறு கையில் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி. நடுவில் அவருடைய நெஞ்சு. அவரிடம் டெஸ்டர் கிடையாது.

உள்தொலைபேசியைச் சுற்றினேன். அலுவலகத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்; லைன் பிஸி என்ற சத்தம்தான் வந்தது. மறுபடி சுற்றினேன். அதே சத்தம். ரிசீவரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். லாரிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓராள் போகிற இடம்தான். பத்தடி போவதற்குள் இரும்புத் துண்டு தடுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்துவிட்டது. எழுந்தால் கால் ஊன்ற முடியவில்லை.

முதல் லாரிக்காரர் குனிந்து பார்த்தார். "எங்க ஓடிக்கினு கீற?" என்றார். "ஆபீஸ்ல ஒருத்தர் ஒயரைத் தொடப்போறார். தொட்டா செத்துடுவார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என்னை வேறொன்றும் கேட்கவில்லை. படியில் ஏறி நின்று, "ஏய்! ஆபீசுல கீற ஆளாண்ட தொட வேணாம்னு சொல்லு! உயிர் போயிடும்!" என்று பின்னால் பார்த்துக் கத்தினார். இரண்டாவது வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்றாவதற்குக் கத்தினார். ஒருவர் ஹாரனை அழுத்தி அடுத்தவரைத் திரும்ப வைத்தார். வளைவுக்கு அப்பால் ஆந்திரா வண்டிகள். அங்கே, தொட வேண்டாம் என்பது "முட்டொத்து, முட்டொத்து" என்று தெலுங்கில் மாறிப் போவது காதில் விழுந்தது. பிறகு உருக்காலை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

மணி பார்த்தேன். பதினொன்று இருபத்தொன்பது. லாரிகளைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வழியை நான் நடந்ததில்லை.

அலுவலகத்தில் கூட்டம். நடுவில் என் நண்பர், சட்டைப் பித்தான் எல்லாம் அறுந்து, முகம் சிவந்து நின்றார். ஆறடி உயர டிரைவர் ஒருவர் அவரைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தார். கேபிள் முனை இன்னும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருய்யா இந்த ஆள்? என்னைத் திருடன்னு நெனச்சுட்டானா?" என்று நண்பர் கத்தினார்.

டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எத்த தொடக்கூடாதுன்னு தெரியல சார். அதான் ஆளையே புடிச்சிக்கினேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். டிரைவர் பிடியை விட்டார். நண்பர் என் டெஸ்டரை வாங்கி அந்த முனையில் வைத்தார். விளக்கு எரிந்ததைப் பார்த்ததும் ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தார்.

முதல் நாள் போட்ட ஒரு கட்டு அவிழ்ந்து, எங்கள் கேபிள் கிரேனுக்குப் போகும் பழைய மின்கம்பியின் மேல் விழுந்திருந்தது. காற்றில் உரசி உரசி இரண்டின் உறையும் கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்து முடிக்க மாலை ஆகிவிட்டது. நன்றி சொல்ல முதல் லாரிக்காரரிடம் போனேன். "ஆள் பொழச்சுக்கினாரு இல்ல? இப்பவாவது எடைய போடு சாரே" என்றார்.

அதற்குப் பிறகு வங்கி, துறைமுகம் என்று எத்தனையோ இடங்களில் இணைப்பு கொடுத்தேன். இப்போது ஓய்வு. செல்போனில் மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று உடனே போன் செய்து கேட்பேன். அவள் சிரிப்பாள். அன்று காலை முழுவதும் நான் லாரிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றில் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் என் கணக்கில் வந்தார்கள். எளாவூர் பக்கம் பேருந்தில் போகும்போது சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றால் இன்றும் எண்ணத் தொடங்குவேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்த பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போவேன்.