ஷர்லியின் சொந்த வழக்கு

பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்ததும் ஷர்லி கழுத்திலிருக்கும் வெள்ளைப் பட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவாள். எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. வக்கீல் உடுப்போடு ஒரு பெண் நடந்து வந்தால், யார் வீட்டில் என்ன வழக்கோ என்று வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பட்டையைக் கழற்றினாலும் நிறுத்தத்தான் செய்தார்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் மீமிசல் பக்கம். அப்பா சவரியப்பன் கடலுக்குப் போய்த்தான் அவளைத் திருச்சியில் சட்டம் படிக்க வைத்தார். அவர் காலமான பிறகு அம்மா சென்னையில் மகன் ஜஸ்டினோடு போய் இருந்துவிட்டார். ஷர்லியோடு படித்தவர்களில் ஒருத்தி பரீட்சை எழுதி நீதிபதி ஆகிவிட்டாள். ஒருவர் அரசு வக்கீல், இன்னொருவர் வங்கியில் சட்ட அதிகாரி. ஷர்லி மட்டும் திருமயத்தில் குணசேகரன் என்ற சீனியரிடம் ஜூனியராகவே இருந்தாள். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வழக்கைத் தள்ளி வையுங்கள் என்று எழுந்து சொல்லி வாய்தா வாங்குவதுதான் அவள் வேலை. கோர்ட்டில் அவளுக்கு ‘வாய்தாம்மா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்களும் படிப்பைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். “வக்கீல் பொண்ணா? நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போடும்” என்று ஒரு அம்மாள் படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு போனார்.

ஜஸ்டின் சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலை. அம்மாவும் அவளோடு இருக்கலாம் என்று காத்திருந்தார். ஒரே ஒரு வழக்கைச் சொந்தப் பெயரில் கடைசிவரை நடத்திப் பார்க்கிறேன், தோற்றால் அங்கே வந்துவிடுகிறேன் என்று ஷர்லி சொல்லியிருந்தாள்.

அந்த வழக்கு எங்கள் தெரு பொன்னுத்தாயுடையது. இலவச சட்ட உதவியில் ஷர்லியிடம் வந்தது. லாரி ஓட்டும் புருஷன் செந்தமிழன் பொன்னுத்தாயை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டான். ஜீவனாம்சம் கேட்டதும், அவள் என் மனைவியே இல்லை, வீட்டு வேலைக்கு வந்தவள் என்று சொல்லிவிட்டான். கோயிலில் நடந்த கல்யாணம். பதிவு கிடையாது, போட்டோ கிடையாது, குழந்தையும் இல்லை. தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியும் இறந்துவிட்டார்.

விசாரணையன்று பொன்னுத்தாய் பயந்ததால் நானும் துணைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கோயில், யார் வந்தார்கள், என்ன சாப்பாடு என்று ஷர்லி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பொன்னுத்தாய் தடுமாறாமல் சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, புருஷன் பேர் என்ன என்று கேட்டார்.

பொன்னுத்தாய் செந்தமிழன் நின்ற பக்கம் தாடையைக் காட்டி, “அவுகதாங்க” என்றாள். பேரைச் சொல்லும்மா என்று மறுபடி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கட்டுன புருஷன் பேரே தெரியாத பொண்டாட்டிய இப்பத்தாங்கய்யா பாக்குறேன்” என்றார் அவர். கோர்ட்டில் சிரித்தார்கள்.

ஷர்லி இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. அவள் வீட்டில் அப்பாவை அம்மா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாராம். மனுவில்தான் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். கையிலிருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். வாய்தா கேட்டுவிடுவாளோ என்று நினைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்ததும் ஷர்லி தன் சாட்சியை மறுவிசாரணை செய்ய எழுந்தாள். ஏன் பேரைச் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

“கட்டுனவுக பேரை எப்படிங்க சொல்றது? அவுக ஆயுசு கொறஞ்சிரும்ல.”

“அவரு ஒங்களப் பொண்டாட்டியே இல்லைங்கிறாரே?”

“அவுக சொல்லிட்டுப் போகட்டும். அதுக்காக நானும் சொல்லலாமா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பதிலை அப்படியே பதியச் சொன்னார் நீதிபதி. செந்தமிழன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தீர்ப்பு பொன்னுத்தாய்க்குச் சாதகமாக வந்தது. அந்தப் பதிலும் தீர்ப்பில் இருக்கிறது என்று ஷர்லி சொன்னாள். மாடிப்படியில் நின்றபடியே அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, ஜெயித்துவிட்டேன் என்றாள்.

“அப்ப நீ இங்கிட்டு வரமாட்டியா?” என்று கேட்டார் அம்மா.

ஷர்லி சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். சாயங்காலம் பொன்னுத்தாய் வருவாள் என்று கேசரி கிண்டி வைத்திருந்தாள். பொன்னுத்தாய் வரவில்லை. புருஷன் வீட்டு ஆட்களும் இதே தெருதான், வக்கீல் வீட்டுக்குப் போனால் இன்னும் பேசுவார்கள் என்று அவள் அண்ணன் தடுத்துவிட்டானாம். ஷர்லி கேசரியை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

இப்போது ஷர்லி சீனியரிடம் போவதில்லை, சொந்தப் பெயரிலேயே வழக்கு நடத்துகிறாள். கைவிடப்பட்ட பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருகிறார்கள். வழக்கு முடிந்தால் அவர்களும் வருவதில்லை. கம்பெனி வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அம்மா ஜஸ்டினோடு சென்னையில் இருக்கிறார். ஷர்லி எங்கள் மாடியில் தனியாக இருக்கிறாள்.