லூனிஸின் சொந்தப் பீப்பாய்

திஸி ஊஸூ நகரில், தேன் அடைக்கும் கூடத்தில் லூனிஸுக்கு இருபது வருட வேலை. உறைந்த தேன் பீப்பாய்களைச் சூட்டறையில் நாற்பது டிகிரியில் நான்கு நாள் வைத்து இளக்குவார். அவசரப்படுத்தியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த வருடம் அவருடைய சொந்தத் தேனீப் பெட்டிகளின் தேன், ஒரே பீப்பாய், குளிரில் கல்லாகிவிட்டது. உறைந்த தேனை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். சீனி கலந்தது என்பார்கள். இந்தப் பீப்பாய் விற்றால்தான் பெட்டிகளை வைத்திருக்க முடியும். ரமலானுக்கு முன் வாங்க வியாபாரி முக்ரான் இரண்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார். லூனிஸ் சூட்டை எழுபதுக்கு ஏற்றினார்.

தேன் நன்றாக இளகியது, ஆனால் கறுத்துவிட்டது. முக்ரான் விரலில் தொட்டு நக்கினார்.

"என்ன லூனிஸ், பாகு காய்ச்சினியா?"

"என் பெட்டித் தேன்தான் ஹாஜி."

"அது தெரியும்யா. இந்தத் தீய்ஞ்ச வாசனைய நான் யார் தலையில கட்டுறது?"

"பாதி விலைக்காவது எடுத்துக்குங்க."

"போன வருஷம் சூட்டைக் கூட்டச் சொன்னேன். வேற கூடம் பாருங்கன்னுட்ட. அதனாலதான்யா உன்ன நம்புனேன்."

வண்டி காலியாகத் திரும்பியது. கூடத்தில் மற்றவர்களுடைய பீப்பாய்கள் மூன்று காத்திருந்தன. லூனிஸ் சூட்டை நாற்பதுக்கு இறக்கிவிட்டு, முதலாவதை உருட்டிக்கொண்டு சூட்டறைக்குள் போனார்.