வாசல் தெளிப்பில் முந்தப் போய்…

கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது அறுபத்தாறு. பக்கத்து வீட்டில் இருக்கும் என் மூத்த ஓரகத்தி அக்காவுக்கு அறுபத்தொன்பது. ஆனாலும் தினமும் எனக்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். "மதினி சுறுசுறுப்பப் பாரு!" என்பார் என் கணவர். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் விடியலில் அக்காவின் வாளிச் சத்தம் கேட்டதும், கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினேன். படியில் கண் இருட்டிச் சாய்ந்தேன். அக்காதான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கினார். இல்லாவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

"ஏட்டி, பிரஷர் மாத்திரை போடுதவ இப்படியா எந்திரிப்ப? நான் தெனமும் கட்டில்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுல்லா எந்திரிக்கேன்!" என்றார்.

இப்போது நானும் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகே எழுகிறேன். இதிலும் அக்காதான் எனக்கு முந்தி என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.