கோட்டை மேடு பற்றி நான் எழுதிய அரைப்பக்கம்

போன வாரம் கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். "சேர், நீங்கதானே பேப்பர்ல எழுதுறவங்க?" என்று ஒரு பெண் வந்து நின்றார். வாசகியாச்சே! பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது.

பெயர் செல்வராணி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அந்தத் தோட்டத்துக் கோட்டை மேட்டைப் பற்றி போன வருஷம் இதே பத்தியில் அளந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வட்டமாக ஒரு மண்மேடு, சுற்றிலும் பள்ளம். கோட்டை என்று சொல்ல ஒரு கல் கூடக் கிடையாது. ஆனாலும் ராஜா, அகழி, காவல் வீரர்கள்... அரைப்பக்கத்துக்கு இழுத்துவிட்டேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பெயரே கோட்டை மேடு, அப்புறம் எதற்கு ஆதாரம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த மேட்டடியில்தான் செல்வராணிக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் நிலம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையிலிருந்து விடுதலை. அத்திவாரமும் வெட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து யாரோ என் கட்டுரையைச் சிங்களத்தில் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்திருக்கிறார். தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். 'புராதன இடம், தோண்டக் கூடாது' என்று போர்டு நட்டார்கள். வேலை நின்றது. கேட்கப் போன செல்வராணியிடம், எழுதினவரையே போய்க் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெட்டிய அத்திவாரத்தில் மழைத் தண்ணீர் நின்றது. பார்க்கவே கூசியது.

பிறகு மேட்டைச் சுற்றியிருந்த பள்ளத்தைக் காட்டினார். அது ஓடைப் பக்கமாகச் சரிந்து போகிறது.

"எங்க வீட்டுக்காரரு கான் வெட்டுறவரு. அகழின்னா தண்ணி நிக்கணும்ல, இது தண்ணிய வெளியேத்த வெட்டுன கான்னு பாத்ததுமே சொன்னாரு."

இருக்கலாம். வெள்ளைக்கார துரை குதிரை ஓட்டப் போட்ட மேடு என்றும் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டாம். நிஜமாகவே பழைய கோட்டையாகவும் இருக்கலாம். யார் கண்டது?

"கோட்டை இல்லேன்னு எழுதிருங்க சேர்."

"அதுவும் எனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியாமத்தானே அன்னைக்கு எழுதுனீங்க?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்... அதை வைத்து அவர் என்ன சுவரா எழுப்ப முடியும்?

சம்பந்தப்பட்ட அதிகாரிகளே, எழுதினவன்தான் சொல்கிறேன்: அந்த மேடு என்னவென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

இந்த ஒரு வரியைப் போன வருஷமே எழுதியிருந்தால், செல்வராணி வீட்டுக்கு இந்நேரம் கூரை போட்டிருப்பார்கள்.